வெறுங்காகிதம்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது போன் பண்ணி, "நீ எழுதுனதுல பாதிதான் இருக்கு, மீதிய யாரு எழுதுவா?" என்று கேட்பார். கேட்கக்கூடியவர்தான். எங்கள் தெருவில் எல்லாரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். ஒரே மதில்சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்த உரிமையில் நான் மட்டும் அக்கா என்பேன்.

டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தார், ஆராய்ச்சியும் செய்தார். காரைக்குடி பக்கத்தில் எங்கள் கோட்டையூருக்கு அவர் குடிவந்த புதிதில் இது தெரியாமல் இருமலோடும் சேற்றுப்புண்ணோடும் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று முதலில் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. பிறகு அவரும் உட்காரவைத்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். என்ன சாப்பிட்டீக, எப்ப இருந்து இருக்கு, அதச் சாப்பிடாத நாள்லயும் இருந்துச்சா என்று கேட்பார். வந்தவர்களுக்குக் கடைசிக் கேள்வி மட்டும் புரியாது. அவருக்கோ அந்தக் கேள்விக்கு மட்டும்தான் பதில் வேண்டும்.

எதைச் செய்தாலும் பக்கத்திலேயே செய்யாத ஒன்றையும் வைத்துப் பார்ப்பது அவர் குணம். ரோஜாத் தொட்டிக்கு முட்டை ஓடு போட்டால் இன்னொரு தொட்டிக்கு ஒன்றும் போடாமல் விடுவார். மாவில் வெந்தயம் சேர்த்து ஆட்டினால் ஒரு கிண்ணம் மாவு வெந்தயம் இல்லாமல் தனியே இருக்கும். கேட்டால், "வெறுமனே ஒண்ணு இருக்கட்டும். இல்லாட்டி எதுனால நல்லா வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்பார். இட்லி நன்றாக வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பது எங்கள் கட்சி.

நான் தையல்காரி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை. ஒரு தடவை அவர் கண்டாங்கிச் சேலை எடுத்துவந்தார், அரக்கில் மஞ்சள் கட்டம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இந்த அம்மாள் என்ன செய்திருக்கிறார் தெரியுமா, சேலையோடு வந்த புத்தம்புது ரவிக்கைத்துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உப்புத் தண்ணீரிலும் ஒரு பாதியைப் பச்சைத்தண்ணீரிலும் ஊறப்போட்டுவிட்டார். இரண்டும் வேறு வேறு அளவுக்கு வெளுத்துவிட்டன. "உப்புக்குக் கொஞ்சம் வேல இருக்கு போல" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இரண்டையும் என்னிடம் நீட்டினார். சேர்த்துத் தைக்க வேண்டுமாம். ஒரு கை அரக்கு, ஒரு கை செங்கல் நிறம். அதைப் போட்டுக்கொண்டு கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கே தைத்தது என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சித்தான் அனுப்பினேன்.

முழங்கால் வலிக்கு எதிர்வீட்டுக்காரர்கள் மூலிகை எண்ணெய் கொடுத்தார்கள். அவர் வலதுகாலில் மட்டும் தேய்த்தார். கொஞ்ச நாள் கழித்துக் கொடுத்தவர்கள் ஆசையாக விசாரிக்க, "ரெண்டு காலும் ஒண்ணுபோலத்தான் வலிக்குது. ஆனா வாசன நல்லாருக்கு" என்றார். அந்த வீட்டிலிருந்து அப்புறம் எந்த எண்ணெயும் வரவில்லை. காய்ச்சல் காலத்தில் தெருச் சங்கத்தில் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி ஊற்றினார்கள். அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் ஒன்றாகக் காய்ச்சல். வீட்டுக்காரருக்குக் கஷாயம், தனக்கு வெந்நீர். இரண்டு பேருக்கும் ஒன்றாகவே காய்ச்சல் விட்டது. கஷாயம் காய்ச்சிய சங்கத்துச் செயலாளரிடம் அதையும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்த்த சாது. "கசப்பு எப்பவும் எம் பக்கந்தான் வருது" என்று என்னிடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். நல்லவேளை, வெறுமனே இருக்கட்டும் என்று இன்னொரு புருஷனை வைத்துப் பார்க்கவில்லை என்று தெருவில் பேசிச் சிரிப்பார்கள். அதைக் கேட்டு அக்காவும் சிரிப்பார்.

எனக்கு எல்லா நேரமும் சிரிப்பு வந்ததில்லை. வாஸ்துக்காரர் சொன்னபடி கடையில் தையல் மிஷின்களைக் கிழக்கே திருப்பிப் போட்டேன். வியாபாரம் பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு லட்டு கொண்டுபோனால், லட்டைக் கடித்துக்கொண்டே, "மிஷினத் திருப்பாத கடையிலயும் தீபாவளிக்கு வியாபாரம் கூடியிருக்குமே, கேட்டுப் பாத்தியா?" என்றார். ஒருவாரம் நான் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது அவர் கேட்டது நியாயம் என்று தெரிந்ததில் இன்னும் கோபம் வந்தது.

அந்தக் குணம் ஒருத்தியின் பிழைப்பில் போய் முட்டிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பாலில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதை மறைக்க யூரியா கலக்கிறவர்கள் உண்டு. பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் அந்தப் பாலைக் குழந்தை குடித்தே முடித்திருக்கும். அடுப்படியில் நிற்கிற பெண் காப்பி கலப்பதற்கு முன் தானே தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று அக்கா பல வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். துவரை விதையில் ஒரு நொதி இருக்கிறதாம். நொதி என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஒரே ஒரு வேல தெரிஞ்ச ஆளுன்னு வச்சுக்க. யூரியாவப் பாத்தா ஒடச்சுப்போடும். வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காது. ஒடஞ்சா சோப்புத் தண்ணியில இருக்குற மாதிரி காரம் வரும். காரம் பட்டா இந்த மஞ்சக் காகிதம் நீலமாகும்" என்றார்.

பசுவின் பாலில் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு. அதற்கெல்லாம் நிறம் மாறாமல், கலந்தால் மட்டும் மாறுகிற மாதிரி அந்தக் காகிதத்தைப் பழக்குவதற்குத்தான் அத்தனை வருஷம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அதைச் செய்து விற்க முன்வந்தது. வீடுகளில் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவையே தேர்ந்தெடுத்தார்.

செயலாளர் வீட்டு கார் ஷெட்டில் கூட்டம். செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். கெட்டவர் இல்லை; ஓய்வுபெற்ற பிறகு அதிகாரம் செய்ய ஒரு தெரு கிடைத்தது, அவ்வளவுதான். அக்கா வீட்டுக்கொரு உறை கொடுத்தார். உறைக்குள் இரண்டு மஞ்சள் காகிதங்கள், விரல் நீளம். ஒன்றில் பென்சில் கோடு.

"கோடு போட்டதுலதான் நொதி இருக்கு. கோடு இல்லாததுல ஒண்ணும் இல்ல. ரெண்டையும் பாலுல முக்கணும். கோடு போட்டது மட்டும் நீலமானா யூரியா. ரெண்டுமே நீலமானா வேற என்னமோ காரம் பட்டிருக்கு, அத நம்பாதீக. எனக்குச் சொல்லுங்க."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தட்டில் மசால் வடை வந்தது. ஜனங்கள் காதில் பாதி விழுந்தது, பாதி வடையோடு போயிற்று. மறுவாரம் அக்கா ஒரு கருத்தரங்குக்கு ஐதராபாத் கிளம்பிப் போனார்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பால் ஊற்றியவள் பாண்டியம்மா. பக்கத்துக் கிராமத்திலிருந்து மொபெட்டில் இருபக்கமும் கேன் கட்டிக்கொண்டு விடிகாலையில் வருவாள். ஹாரன் சத்தம் மூக்கடைத்த ஆடு கத்துகிற மாதிரி இருக்கும். என் வீட்டில் பாக்கெட் பால், அதனால் எனக்கும் அவளுக்கும் கும்பிடுதான் பழக்கம். புருஷன் இல்லை. மாடுகளை வைத்துத்தான் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

செயலாளர் வீட்டில் அவள் பாலில் காகிதத்தை முக்கினார்கள். நீலம். அடுத்த வீட்டில் முக்கினார்கள். நீலம். செயலாளர் ஒவ்வொரு வீடாகப் போய் முக்கவைத்தார், பாண்டியம்மாவிடம் பால் வாங்குகிற வீட்டில் எல்லாம் நீலம். மறுநாள் காலையில் அவள் வந்தபோது செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். "என்னத்துக்குங்க போட்டோ?" என்று கேட்டிருக்கிறாள். "சங்கத்துக்குத்தாம்மா" என்றாராம். அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேன் தெரிகிற மாதிரி வண்டியைத் திருப்பி, சிரித்திருக்கிறாள். அந்தச் சிரித்த படத்துக்குக் கீழேதான் "எச்சரிக்கை! யூரியா பால்!" என்று போட்டு வாட்ஸப்பில் விட்டார்கள். மதியத்துக்குள் அது காரைக்குடி முழுக்கச் சுற்றிவிட்டது. டீக்கடையும் நிறுத்தியது, மெஸ்ஸும் நிறுத்தியது.

அந்தப் படம் என் போனுக்கும் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு காகிதம் என்ன ஆச்சு?" என்றார்.

"எது?"

"கோடு இல்லாதது. அது நீலமாச்சா இல்லையா?"

மறுநாளே ரயிலேறிவிட்டார். வந்து இறங்கியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் செயலாளர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அதத்தான் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டமே" என்றார் செயலாளர்.

"தூக்கிப் போட்டீகளா?"

"அதுல ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே சொன்னீக?"

பக்கத்து வீடுகளில் கேட்டோம். எல்லா வீட்டிலும் அதே கதை. ஒரு வீட்டில் அதில் மளிகைக் கணக்கு எழுதியிருந்தார்கள், ஒரு வீட்டில் குழந்தை கிழித்துவிட்டது. ஒருவராவது பாலில் முக்கவில்லை. ஒன்றுமில்லாத காகிதத்தை எதற்கு முக்குவது? அக்கா நடுத்தெருவில் நின்றுகொண்டு, "தப்பு என்னோடது. ஒண்ணும் இல்லேன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

என் ஸ்கூட்டரில் பாண்டியம்மா வீட்டுக்குப் போனோம். கொட்டடியில் மாடுகள் நின்றன. விற்காத பாலைத் தயிருக்கு உறை ஊற்றி, மிச்சத்தைக் கன்றுகளுக்கே விட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன பாக்க வாரீக? போட்டோ வேணுமா? சிரிக்கணுமா?"

"மடியில இருந்து கறந்தது கொஞ்சம் வேணும், பாண்டியம்மா. கேன்ல இருக்குறதும் கொஞ்சம் வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எழுந்து போய்க் கறந்து கொடுத்தாள். அக்கா இரண்டு காகிதத்தையும் முக்கினார். இரண்டும் மஞ்சளாகவே இருந்தன. பிறகு கேனிலிருந்த பாலில் முக்கினார். கோடு போட்டது நீலமானது. கோடு போடாததும் நீலமானது. யூரியாவாக இருக்காது என்று அந்தக் கணமே எனக்குத் தோன்றிவிட்டது. பாண்டியம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. அக்கா மட்டும் காலியாக இருந்த இன்னொரு கேனுக்குள் கையை விட்டு அடியைத் தடவிக்கொண்டிருந்தார். விரலில் வெள்ளையாக மாவுபோல ஒட்டிக்கொண்டு வந்தது.

"கேன எதுல கழுவுறீக?"

"சலவ சோடாவுலதான். போன கோடையில பால் திரிஞ்சு போகுதுன்னு உங்க வாசல்ல வந்து உங்ககிட்டத்தான கேட்டேன்? சோடா போட்டுக் கழுவு, திரியாதுன்னு நீங்கதான சொன்னீக? கெட்டியாக் கரச்சு ராவெல்லாம் ஊறப்போட்டு வைக்கிறேன். அதுக்கப்பறம் ஒருநாளும் திரியல."

"பிறகு நல்லா அலசணும்னு சொன்னேனே."

"எங்க அலச? இங்குட்டுக் கொழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு? மாட்டுக்குக் காட்டவே அங்குட்டுக் கம்மாய்க்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். சோடாத் தண்ணியக் கவுத்துட்டு அப்படியே பால ஊத்திருவேன்."

அடியில் படிந்திருந்த சோடாவின் காரம்தான் காகிதத்தை நீலமாக்கியிருக்கிறது. காரம் முறியக் கேன் பாலில் அக்கா எலுமிச்சைச் சாறு சொட்டுவிட்டு மறுபடி முக்கினார்; இரண்டு காகிதமும் மஞ்சளாகவே இருந்தன. பிறகு, "அலசுன்னு சொன்னேன். ஏன் அலசணும்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றார். பாண்டியம்மாவுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "யூரியா இல்லேல்ல? அத வந்து தெருவுல சொல்லுங்க, போதும்" என்றாள்.

திரும்பும் வழியில் நானும் அதையேதான் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியே சொன்னேன். "யூரியா இல்லன்னு மட்டும் சொல்லுங்கக்கா. காகிதத்தத் தெருக்காரங்கதான் தப்பாப் பயன்படுத்திட்டாகன்னு சொல்லுங்க. சோடாவப் பத்தி வாயத் தொறக்காதீக. இனிமே அவ அலசிருவா. யாருக்கு என்ன நட்டம்?"

"சோடா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுதான்."

"அப்ப அத எப்படிச் சொல்லாம இருக்குறது?"

அந்த இடத்தில் அவரைக் கீழே இறக்கிவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. உண்மை என்றால் மொத்தமாகத்தான் இருக்க வேண்டுமா, ஒரு ஏழைக்காக அதில் ஒரு துண்டை மடித்துவைத்துக்கொள்ளக் கூடாதா என்று வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அவர், "இன்னைக்கு ஒண்ண மறச்சுட்டா, யூரியா இல்லேன்னு நான் சொல்றதையும் ஏன் நம்பணும்?" என்று மட்டும் கேட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அதே கார் ஷெட்டில் கூட்டம். பாண்டியம்மாவும் வந்து ஓரமாக நின்றாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னார்: யூரியா இல்லை. கேனில் சோடா மிச்சம் இருந்தது. அந்தச் சோடாவைப் போடச் சொன்னது நான். அலசச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அலசத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இரண்டாவது காகிதம் எதற்கென்று உங்களுக்கும் புரியும்படி சொல்லவில்லை. அவள் கலப்படக்காரி இல்லை.

"ஆக பாலுல சோடா இருந்துருக்கு" என்றார் செயலாளர்.

"இருந்துச்சு. நாஞ்சொல்லி வந்த சோடா."

"யூரியாவோ சோடாவோ, நாங்க நிறுத்துனது சரிதானே?"

கூட்டத்தில் தலைகள் ஆடின. பாண்டியம்மா கையில் கொண்டுவந்திருந்த பால் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டாள்: "என்னயத் தூக்கிவிட வந்தீகளா, குழி பறிக்க வந்தீகளா?" பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். தூக்குவாளி அங்கேயே கிடந்தது.

எனக்கு அன்றைக்கு அக்கா மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவரும் சும்மா இருக்கவில்லை. தன் படம் ஒன்றைப் போட்டு, "அந்தப் பாலில் யூரியா இல்லை. அதில் காரம் சேர்ந்ததற்குக் காரணம் நான்" என்று அதே வாட்ஸப் குழுவில் எழுதினார். முன்பு சுற்றியது போலவே இதுவும் சுற்றட்டும் என்று கேட்டுக்கொண்டார். சுற்றத்தான் செய்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு. வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகுமென்றால் எங்களுக்கு வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டார்கள். கல்லூரியில் துறைத்தலைவர் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். பல வருஷத்து உழைப்பு அப்படியே நின்றது. அவர் வீட்டுக்காரர்தான் என்னிடம் வந்து சொல்லி வருத்தப்பட்டார். அக்கா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. கல்லூரி விட்டு வந்ததும் அடுப்படி மேடையில் உட்கார்ந்து, காகிதங்களை வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தார்.

இரண்டையும் ஒரே காகிதமாக்கிக்கொண்டிருந்தார். மேல்முனையில் நொதி, கீழ்முனையில் ஒன்றுமில்லை, நடுவில் மெழுகுத் தடுப்பு. ஒன்றைத் தூக்கிப் போட்டால் மற்றதும் போய்விடும். "ஆளத் திருத்துறத விட காகிதத்தத் திருத்துறது சுலபம்" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

பாண்டியம்மா வீட்டுக்கு அவர் இரண்டு மூன்று தடவை போனதும், அவள் கதவைத் திறக்காததும் எனக்குத் தெரியும். அந்த வாசலில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, லாரித் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். தொட்டியை அவள் திருப்பி அனுப்பவில்லை. ஒரு மாட்டை விற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். மகள் விடுதியிலிருந்து வந்துவிட்டாள் என்றும் சொன்னார்கள்.

மழைக்காலம் பிறந்து, கம்மாய்க்கரையெல்லாம் பச்சை பிடித்திருந்த ஒருநாள் காலையில் அந்த மூக்கடைத்த ஆட்டுச் சத்தம் கேட்டது. நான் பல்துலக்கிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். பாண்டியம்மா அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தாள். கேன்கள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு தலை தெரிந்தது. செயலாளர் வீட்டுக்காரம்மாள் கோலப்பொடியோடு அப்படியே நின்றார்.

அக்கா வெளியே வந்தார். கையில் புதுக் காகிதம் இருந்தது.

"அத உள்ள வையிங்க" என்றாள் பாண்டியம்மா. "கேன வெந்நீருல அலசிட்டேன், வெறுந்தண்ணியிலயும் அலசிட்டேன். எனக்கு இந்தத் தெரு வேணும். எம்புள்ள படிப்பு நிக்குது. நீங்க பேசித்தான் போச்சு, நீங்கதான் திருப்பித் தரணும். காகிதத்தப் பாத்துச் சொல்ல வேணாம். எல்லாரும் பாக்க ஒரு தம்ளர் குடிச்சுட்டுச் சொல்லுங்க."

காய்ச்சாத பாலை அக்கா குடித்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சாமல் குடித்தால் என்னென்ன நோய் வரும் என்று எங்களுக்கே அவர்தான் வகுப்பு எடுத்திருக்கிறார். காகிதத்தை மதில்மேல் வைத்தார். பாண்டியம்மா ஊற்றிக்கொடுத்த தம்ளரை வாங்கினார். நின்ற இடத்திலேயே, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார்.

"சொல்லுங்க" என்றாள் பாண்டியம்மா.

அக்கா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். நான் மனசுக்குள் வேண்டாத தெய்வமில்லை. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை போதும்.

"கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றார்.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பாண்டியம்மா வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பச்சப் புல்லு தின்னுதும்மா மாடு. மழ பேஞ்சா அப்படித்தான் இருக்கும். உங்களத் திருத்தவே முடியாது."

செயலாளர் வீட்டுக்காரம்மாள் கோலப்பொடியை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். அக்காவையே உற்றுப் பார்த்து, "தண்ணியா இருக்கு, அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"வேற இருந்தா சொல்லமாட்டனா?" என்றார் அக்கா.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, பால் செம்பை எடுத்துவரச் சொல்லிச் செயலாளருக்குக் குரல் கொடுத்தார்.